முதல் இலக்கம் 8, கடைசி இலக்கம் 1, நடுவில் 4 கோடி

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு துணுக்கு போட்டிருந்தோம்: இன்றைக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணில் 4 கோடிக்கு மேல் இலக்கங்கள் இருக்கின்றன என்று நாலே வரி. அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவை, தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடந்ததில் ஆட்களுக்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது போல. அதனால் இந்த வாரம் முழுக்க அந்த ஒரே எண்தான். சினிமா, அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: தங்கச்சிமடத்தில் ஓர் ஐஸ் பிளான்ட்டில் கணக்கு எழுதுகிறேன் சார். அந்தப் பெரிய எண்ணைப் போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், பிழை என்று வருகிறது. முழு எண் வேண்டாம், அதன் முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் என்னவென்றாவது சொல்ல முடியுமா?

ப: கால்குலேட்டர் மேல் கோபப்படாதீர்கள், அது மீன் விலைக்கும் ஐஸ் விலைக்கும் செய்த பொருள். எண் இதுதான்: 2-ஐ 13,62,79,841 தடவை எழுதி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கி, வருவதிலிருந்து 1 கழிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அடுக்கு என்று படித்தது ஞாபகம் இருந்தால், 2-இன் அடுக்கு 13,62,79,841, கழித்தல் 1. விரித்து எழுதினால் 4,10,24,320 இலக்கம்.

கடைசி இலக்கம் 1. இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரே வேண்டாம், உங்கள் பேரேட்டின் பின்பக்கம் போதும். 2, 4, 8, 16, 32, 64, 128, 256 என்று எழுதிக்கொண்டே போங்கள், கடைசி இலக்கம் 2, 4, 8, 6, மறுபடி 2, 4, 8, 6 என்று நாலு நாலாகச் சுற்றும். இன்றைக்குத் திங்கள், 100 நாள் கழித்து என்ன கிழமை என்று கேட்டால் நீங்கள் விரல் விட்டு 100 நாளையும் எண்ண மாட்டீர்கள். 7-ஆல் வகுத்து, மீதி 2, அப்போது புதன், விசைப்படகு கடலுக்குப் போகிற நாள்தான் என்று சொல்லிவிடுவீர்கள். அதே வேலைதான் இங்கேயும், 7-க்குப் பதில் 4. 13,62,79,841-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே அந்த அடுக்கின் கடைசி இலக்கம் 2, அதில் 1 போனால் 1.

கடைசி மூன்று இலக்கமும் வேண்டுமா? 2-இன் அடுக்குகளில் 8-லிருந்து தொடங்கிக் கடைசி மூன்று இலக்கங்கள் 100 படிக்கு ஒரு தடவை திரும்ப வரும். நம் அடுக்கு 41-இல் முடிகிறது. 2-இன் அடுக்கு 41 என்பது 21,99,02,32,55,552. அதன் வால் 552, 1 கழித்தால் 551. ஆக அந்த ராட்சச எண் 551 என்று முடிகிறது. இந்த 551 தனியாக நின்றால் பகா எண் இல்லை, 19-ஐ 29-ஆல் பெருக்கினால் வருவது. வாலைப் பார்த்து ஆளை எடை போடக் கூடாது.

முதல் இலக்கத்துக்கு லாகரிதம் வேண்டும். பள்ளிக்கூட லாக் டேபிளில் இருக்கிற 0.3010-ஐ வைத்துப் பெருக்கினால் எண்ணின் நீளமே நாலாயிரம் இலக்கம் பிசகிவிடும், அதனால் 0.30102999566 வரைக்குமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அதை 13,62,79,841-ஆல் பெருக்கினால் 4,10,24,319-உம் புள்ளிக்கு அப்புறம் சுமார் .945-உம் வரும். முழு எண் பகுதியோடு 1 கூட்டினால் இலக்கங்களின் எண்ணிக்கை, .945-க்கு எதிர்லாக் பார்த்தால் சுமார் 8.8. எனவே முதல் இலக்கம் 8.

நடுவில் இருக்கிறதை எல்லாம் எழுத வேண்டுமென்றால்தான் கஷ்டம். இந்தப் பத்திரிகை எழுத்தில் ஓர் இலக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 82 கிலோமீட்டர். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் முதல் இலக்கத்தை வைத்து ஒரே வரியாக எழுதிக்கொண்டு வந்தால் பாம்பன் பாலம் தாண்டி, மண்டபம் தாண்டி, உச்சிப்புளி தாண்டி, ராமநாதபுரத்தையும் தாண்டிப் போகும். நொடிக்கு ஓர் இலக்கம் என்று தூங்காமல் வாசித்தால் 475 நாள். ஆனால் கம்ப்யூட்டர் தன் பாஷையில் வைத்துக்கொள்ள 17 எம்பி போதும், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

கே: கீழக்கரையில் பி.எஸ்சி. படிக்கிறேன். உங்கள் துணுக்கை வாசித்துக் காட்டியபோது எங்கள் வாப்பா ஒரே கேள்வி கேட்டார்: "பகா எண்ணுன்னு சொல்லணும்னா எல்லா நம்பராலயும் வகுத்துப் பாக்கணுமே, இதை யாரு வகுத்துப் பாத்தா?" எனக்குப் பதில் வரவில்லை.

ப: வாப்பா நேராக மையத்தில் கை வைத்துவிட்டார். வகுத்துப் பார்த்து இதைப் பகா எண் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வர்க்கமூலம் வரைக்கும் வகுத்தால் போதும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள், சரி, ஆனால் 4 கோடி இலக்க எண்ணின் வர்க்கமூலத்துக்கே 2 கோடி இலக்கம் இருக்கிறது.

வகுப்பதில் கொஞ்சம் சலுகை உண்டு. 2-இன் அடுக்கு ப, கழித்தல் 1 என்ற வடிவில் உள்ள எண்ணுக்கு, ப ஒரு பகா எண்ணாக இருந்தால் (2-ஐத் தவிர), வருகிற எந்தக் காரணியும் 2ப-வின் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும். 2-இன் அடுக்கு 11, கழித்தல் 1 என்பது 2047, அதன் காரணிகள் 23, 89. 22-இன் மடங்கு கூட்டல் 1, இரண்டுமே. நம் எண்ணுக்கு இதைப் பொருத்தினால் 27 கோடிக்குக் கீழே உள்ள எந்த எண்ணாலும் அது வகுபடவே படாது, தேடவே வேண்டாம். இருந்தாலும் அதற்கு மேல் கடல் மாதிரிக் கிடக்கிறது.

அதனால் வேறு வழி. பிரெஞ்சுக்காரர் எதுவார் லூக்காஸ் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியதை, அமெரிக்கர் டெரிக் லேமர் 1930-இல் சீராக்கினார். வழி இவ்வளவுதான்: 4-இல் தொடங்குங்கள். அதன் வர்க்கம் எடுத்து 2 கழியுங்கள். வந்ததைச் சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வர்க்கம், 2 கழி, மீதி. இதை ப-வைவிட இரண்டு குறைவான தடவை செய்து, கடைசியில் மீதி 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. நடுவில் சந்தேகமே கிடையாது.

வாப்பாவுக்கு 127-ஐ வைத்துச் செய்து காட்டுங்கள். அது 2-இன் அடுக்கு 7, கழித்தல் 1, ஆகவே 5 தடவை. 4-இன் வர்க்கம் 16, 2 போனால் 14. 14-இன் வர்க்கம் 196, 2 போனால் 194, 127-ஆல் வகுக்க மீதி 67. 67-இன் வர்க்கம் 4489, 2 போனால் 4487, மீதி 42. அடுத்து 1762, மீதி 111. அடுத்து 12,321-இல் 2 போக 12,319, இது சரியாக 97 தடவை 127. மீதி 0. முடிந்தது, 127 பகா எண். 2047-க்கும் இதே மாதிரி 9 தடவை போய்ப் பாருங்கள், கடைசியில் 1736 என்று ஒரு மீதி வந்து நிற்கும், அதனால் அது பகா எண் இல்லை. கவனியுங்கள், 23, 89 என்ற காரணிகள் இந்தக் கணக்கில் எங்குமே தலைகாட்டவில்லை. காரணி என்னவென்று தெரியாமலேயே 'இதற்குக் காரணி உண்டு' என்று சொல்லிவிடுகிறது. பி.எஸ்சி. படிப்பதால் ஒரு துப்பு: 2+√3, 2−√3 என்ற ஜோடியைக் கூட்டினால் 4, பெருக்கினால் 1. வர்க்கம் எடுத்து 2 கழிப்பது ஏன் என்று அங்கிருந்து பிடித்துக்கொண்டு போகலாம்.

நம் எண்ணுக்கு இது 13,62,79,839 தடவை, ஒவ்வொரு தடவையும் 4 கோடி இலக்கம் வரை உள்ள எண்ணுக்கு வர்க்கம். இங்கேதான் அந்த 'கழித்தல் 1' உதவிக்கு வருகிறது. 99-ஆல் மீதி காண வேண்டுமானால் நாம் வகுப்பதில்லை, இரண்டிரண்டு இலக்கமாக வெட்டிக் கூட்டிவிடலாம்: 4487 என்றால் 44-உம் 87-உம் 131, 1-உம் 31-உம் 32, அதுதான் மீதி. கம்ப்யூட்டரின் இரும எழுத்தில் நம் எண் வெறும் 1 1 1 1 என்று 13 கோடியே 62 லட்சத்துச் சொச்சம் ஒன்றுகள், ஆகவே அதற்கும் இதே வெட்டிக் கூட்டுகிற வேலை போதும், வகுத்தலே கிடையாது. உலகத்தின் மிகப் பெரிய பகா எண் என்ற பட்டம் பெரும்பாலும் இந்த வடிவத்துக்கே போவதற்குக் காரணம் இதுதான். அந்த எண்ணுக்கு ஏதோ தனி மகிமை இருப்பதால் அல்ல, அங்கே டார்ச் அடித்துப் பார்க்க வசதி இருப்பதால். என்னைக் கேட்டால் எண்ணைவிட இந்தச் சோதனைதான் பெரிய விஷயம்.

பார்த்தது யார் என்றும் வாப்பா கேட்கிறாரே. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய 'கிம்ப்ஸ்' என்ற கூட்டு முயற்சியில் உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை இந்த வேலைக்கு விடுகிறார்கள். லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர் 17 நாடுகளில் இருக்கிற கிராபிக்ஸ் சிப்களை இதில் இறக்கினார். 2024 அக்டோபர் 11-ஆம் தேதி அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு சிப் 'இது பகா எண்ணாக இருக்கும் போலிருக்கிறது' என்றது, மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இன்னொரு சிப் மேலே சொன்ன லூக்காஸ்–லேமர் கணக்கை முழுசாக ஓட்டி உறுதி செய்தது. அதற்கு முந்தைய பட்டம் 2018 டிசம்பரில் கிடைத்த 2,48,62,048 இலக்க எண்ணிடம் இருந்தது.

கே: மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், எண்ணினால் 61 நாள். 61 பகா எண் என்கிறான் மகன். இதில் ஏதாவது கணக்கு இருக்கிறதா?

ப: தடைக்காலத்துக்குக் காரணம் மீன் இனப்பெருக்கம், 61 வந்தது மே மாதத்துக்கு 31 நாள் இருப்பதால். ஆனால் உங்கள் மகன் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பழைய வழக்கைக் கிளறிவிட்டான்.

1644-இல் மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி ஒரு பட்டியல் போட்டார். 2-இன் அடுக்கு கழித்தல் 1 பகா எண்ணாக வருவது, 257 வரை, இந்த அடுக்குகளுக்குத்தான் என்றார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. 15 என்று வைத்தால் 32,767 வரும், 15 என்பது 3-உம் 5-உம் என்பதால் அது 7-ஆலும் 31-ஆலும் வகுபட்டுவிடும். ஆனால் அடுக்கு பகா எண் என்பதால் மட்டும் விடை பகா எண் ஆகிவிடாது, 11 நம்மை ஏமாற்றியதைத்தான் மேலே பார்த்தோமே. மெர்சென் பட்டியலில் 61 இல்லை. 1883-இல் இவான் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் 2-இன் அடுக்கு 61, கழித்தல் 1 பகா எண்தான் என்று காட்டினார், 2305843009213693951 என்று 19 இலக்கம். மெர்சென் 61 என்று எழுதியதுதான் 67 என்று அச்சாகிவிட்டது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. 89-ஐயும் 107-ஐயும் விட்டதற்கும் 257-ஐச் சேர்த்ததற்கும் அச்சுக்கோப்பவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த 67-ஐப் பற்றி ஒரு வார்த்தை. அது பகா எண் இல்லை என்று லூக்காஸ் 1876-லேயே சொல்லிவிட்டார், காரணியைக் காட்டாமல். 1903-இல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் பிராங்க் கோல் என்பவர் பலகையில் 2-இன் அடுக்கு 67-ஐப் பெருக்கி எழுதி 1 கழித்தார், 147573952589676412927. அப்புறம் பக்கத்திலேயே 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். அதே எண். ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கம் எழுந்து கைதட்டியது என்று சொல்வார்கள். லூக்காஸ் 1876-இல் பகா எண் என்று நிறுவிய 2-இன் அடுக்கு 127, கழித்தல் 1 என்ற 39 இலக்க எண்தான் 1951 வரை பட்டத்தை வைத்திருந்தது. முக்கால் நூற்றாண்டு! அதுவும் கையால் போட்ட கணக்கில்.

கே: தேவிபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கடலுக்குள் நவபாஷாணம் ஒன்பது கல்லாக நிற்கிறது. எண் கணிதப்படி இந்தப் பெரிய எண்ணின் கூட்டு எண் என்ன, நல்ல எண்ணா?

ப: நல்லதா கெட்டதா என்று சொல்கிற வேலை எனக்குத் தெரியாத தொழில். கூட்டு எண் 4, அதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். 4 கோடி இலக்கத்தையும் கூட்டினீர்களா என்று கேட்காதீர்கள். இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஓர் இலக்கத்துக்குக் கொண்டு வருவது என்றால் 9-ஆல் வகுத்து மீதி பார்ப்பதுதான். 2-இன் அடுக்குகளை 9-ஆல் வகுத்தால் மீதி 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறு ஆறாகச் சுற்றும். நம் அடுக்கை 6-ஆல் வகுத்தால் மீதி 5, அந்த இடத்தில் 5 இருக்கிறது, 1 கழித்தால் 4.

இதிலேயே இன்னொரு வேடிக்கை: 3, 7 இரண்டையும் தள்ளிவிட்டால் இந்த வடிவத்துப் பகா எண்கள் எல்லாவற்றுக்கும் கூட்டு எண் ஒன்று 1, இல்லாவிட்டால் 4. 31-க்கு 4, 127-க்கு 1, 8191-க்கு 1, 131071-க்கு 4. வேறு எண் வரவே வராது, ஏனென்றால் 3-க்கு மேற்பட்ட பகா எண்ணை 6-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 5 மட்டும்தான். ராசி பார்க்கிறவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

கே: தொண்டியில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். "வங்கியில் நம் பணத்தைக் காப்பது இந்த 4 கோடி இலக்க எண்தான்" என்று ஒரு ஃபார்வர்டு வந்தது. உண்மையா?

ப: பொய். ஊருக்கே தெரிந்த சாவியைப் பூட்டுக்கு வைப்பார்களா? 1977-இல் வந்த ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, பெருக்குத்தொகையை வெளியே சொல்லி, அந்த இரண்டையும் ரகசியமாக வைத்துக்கொள்வார்கள். பெருக்குவது சுலபம், பெருக்குத்தொகையிலிருந்து திரும்பிப் போவது அசாத்தியமான வேலை, அவ்வளவுதான் அதன் பலம். அதற்கு வழக்கமாக எடுக்கிற எண்கள் 308, 309 இலக்கம் அளவுதான். எங்கே கிடைக்கும் என்று கவலையே வேண்டாம்: அந்த உயரத்தில் சராசரியாக 709 எண்ணுக்கு ஒரு பகா எண், ஒற்றைப்படையை மட்டும் பார்த்தால் 355-க்கு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணைப் பிடி, சோதி, இல்லையா, அடுத்தது. கம்ப்யூட்டருக்கு இது கண நேர வேலை.

அப்புறம், பகா எண் எல்லாமே ரகசியமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அந்த ஃபார்வர்டு வந்த வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பூட்டு வேலையில் பயன்படுவது 2-இன் அடுக்கு 255, கழித்தல் 19 என்ற 77 இலக்கப் பகா எண். எல்லாருக்கும் தெரிந்த எண், உங்கள் கடைக்கு வருகிற அத்தனை போனிலும் அதே எண்தான். ரகசியம் ஒவ்வொரு போனும் தானாகப் பொறுக்கிக்கொள்கிற வேறோர் எண்ணில் இருக்கிறது. 2-இன் அடுக்குக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிற எண்ணை ஏன் எடுத்தார்கள் என்றால், கீழக்கரை வாப்பாவுக்குச் சொன்ன அதே வெட்டிக் கூட்டுகிற வசதிக்காக. இங்கே வெட்டிய மேல்பாதியை 19-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும், அது மட்டும் வித்தியாசம். அந்த எண் 949 என்று முடியும். ஐஸ் பிளான்ட் அண்ணனுக்குச் சொன்ன வழியில் நீங்களே சரி பாருங்கள், 2-இன் அடுக்கு 55-இன் வால் 968.

கே: கண்டுபிடித்தால் காசு உண்டா? – சாயல்குடி வாசகர், ஒரே வரியில்.

ப: உண்டு. டுரான்டுக்குக் கிம்ப்ஸ் பரிசு 3,000 டாலர். 10 கோடி இலக்கம் உள்ள பகா எண்ணை முதலில் காட்டுகிறவருக்கு அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 1,50,000 டாலர் அறிவித்து வைத்திருக்கிறது. கரண்டு பில்லைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

கே: பாம்பனிலிருந்து. 2038-இல் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும், அதற்கும் ஒரு பகா எண்தான் காரணம் என்கிறார் என் மச்சான்.

ப: மச்சான் பாதி சரி. பழைய முறையில் நேரம் வைத்திருக்கிற கருவிகள் 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணுகின்றன, அவற்றின் கொள்ளளவு 2,14,74,83,647 வரைதான். அது நிரம்புவது 2038 ஜனவரி 19, நம் ஊர் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு. இது 2-இன் அடுக்கு 31, கழித்தல் 1. பகா எண்தான் என்று 1772-லேயே ஆய்லர் காட்டிவிட்டார். ஆனால் பகா எண்ணாக இல்லாவிட்டாலும் அது அதே நொடியில்தான் நிரம்பும், குற்றம் 31 பிட்டுடையது, அதாவது நொடியை எழுத 31 இரும இலக்கத்துக்குத்தான் இடம் இருப்பது. புதிய கம்ப்யூட்டர்கள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன, எங்கேயோ மூலையில் கிடக்கிற பழைய பெட்டிகளைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

கே: வாலிநோக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எல்லாம் பிரெஞ்சு, ரஷ்யப் பெயர்களாக வருகின்றனவே, இதில் நம்மவர் யாரும் இல்லையா? ராமானுஜன் தவிர்த்துச் சொல்லவும், அவரைப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ப: டீச்சர், நிபந்தனைக்கு நன்றி. எஸ்.எஸ்.பிள்ளையைச் சொல்கிறேன். 1901-இல் பிறந்தவர், நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். அவர் பெயரில் பகா எண்களில் ஒரு வகையே இருக்கிறது. 1 முதல் 14 வரை பெருக்கி 1 கூட்டினால் 87178291201. அது 23-ஆல் மீதியில்லாமல் வகுபடும், ஆனால் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 1 இல்லை, 9. இப்படி ஏதாவது ஓர் எண்ணோடு மாட்டிக்கொள்கிற பகா எண்ணுக்குப் பிள்ளை பகா எண் என்று பெயர். முதலாவது 23, அடுத்து 29, 59, 61. பாருங்கள், மண்டபத்து 61 இங்கேயும் வந்துவிட்டது. 1950 ஆகஸ்டில் ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ பக்கத்தில் விமானம் விழுந்து இறந்துபோனார். வயது 49. நம் பாடப் புத்தகங்களில் அவருக்கு ஒரு பக்கம் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொன்று, கொஞ்சம் வடக்கே. எந்த எண்ணைக் கொடுத்தாலும், அது என்ன வடிவத்தில் இருந்தாலும், ஊகம் எதுவும் இல்லாமல், நியாயமான நேரத்துக்குள் பகா எண்ணா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற முறை ஒன்று உண்டு என்று முதலில் நிறுவியது கான்பூர் ஐஐடியில், 2002-இல். மணீந்திர அகர்வால், அவருடைய இரண்டு மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா. 'நியாயமான நேரம்' என்பது கணிதக்காரர் அளவுகோலில்; 4 கோடி இலக்கத்துக்கு அதை ஓட்ட ஆரம்பித்தால் நம் பேரப்பிள்ளைகளுக்கும் விடை கிடைக்காது.

கே: மூக்கையூரிலிருந்து. இந்த எண்ணுக்கு அடுத்த பகா எண் எது?

ப: அடுத்தது நிச்சயம் உண்டு, பகா எண்ணுக்கு முடிவே கிடையாது என்று யூக்ளிட் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே காட்டிவிட்டார். ஆனால் எது என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த உயரத்தில் சராசரியாக 9 கோடியே 44 லட்சம் எண்ணுக்கு ஒரு பகா எண், பக்கத்து வீட்டிலும் இருக்கலாம், பல கோடி தள்ளியும் இருக்கலாம். இன்னொன்றும் சொல்கிறேன்: 2018-இல் கிடைத்த எண்ணுக்கும் இதற்கும் நடுவிலும் எண்ணி மாளாத பகா எண்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றிரண்டைக்கூட நாம் விரல் வைத்துக் காட்டிவிட முடிவதில்லை.

பக்கத்து வீடுகளை மட்டும் நாமே தட்டிப் பார்க்கலாம். இரட்டைப்படையை விட்டுவிடுங்கள். நம் எண்ணோடு 2 கூட்டினால், அது 2-இன் ஒற்றைப்படை அடுக்கு கூட்டல் 1, 3-ஆல் வகுபடும். 4 கூட்டினால் 5-இல் முடியும். 8 கூட்டினால் மறுபடி 3. 10 கூட்டினால் 11-ஆல் வகுபடும். 2-இன் அடுக்குகளை 11-ஆல் வகுக்கும் மீதி 10 படிக்கு ஒரு சுற்று, நம் அடுக்கு 1-இல் முடிகிறது, ஆகவே அடுக்கின் மீதி 2, அதோடு 9 சேர்ந்தால் 11. நடுவில் விட்டுப் போன 6-ஐக் கூட்டிய எண் மட்டும் இதற்கெல்லாம் மசியவில்லை, 3-லிருந்து 31 வரை உள்ள எந்தப் பகா எண்ணாலும் அது வகுபடாது, நான் போட்டுப் பார்த்துவிட்டேன். 37-லிருந்து நீங்கள் தொடரலாம். லூக்காஸ்–லேமர் வழி அதற்குச் செல்லாது, 'கழித்தல் 1' வடிவத்தில் அது இல்லை.